நூலில் படியாத படிகம்: முடக்குவாதத்தின் முதல் இரத்தப் பரிசோதனை

ஆங்கில மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் கேரட்டின் 'நூல் சோதனை'க்கு 1848 என்று ஆண்டு குறிப்பது மருத்துவ வரலாற்று எழுத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த ஆண்டு லண்டனில் ராயல் மெடிக்கல் அண்ட் சிரர்ஜிக்கல் சொசைட்டியில் அவர் படித்த கட்டுரையில் நூலே கிடையாது. 1,000 கிரெயின், அதாவது சுமார் 65 கிராம் சீரத்தை (இரத்தத்தின் தெளிநீரை) வற்றவைத்துச் சாறெடுத்து, மியூரெக்சைடின் செந்நிறத்தைக் கொண்டு யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். நூல் வருவது 1854 கட்டுரையில்தான்.

ஆண்டுத் திருத்தம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரு கட்டுரைகளின் தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1848 தலைப்பில் கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படியும் நோய்), ருமாட்டிசம், பிரைட் நோய் என மூன்றும் உண்டு. பிரைட் நோய் என்பது சிறுநீரகக் கேட்டுக்கு அன்றைய பெயர். 1854 தலைப்பிலும் இதே மூன்றும் நிற்கின்றன. ஆகவே சிறுநீரகத்தை அவர் மறந்தார் என்று சொல்லிவிட முடியாது. 1859 நூலிலும் கௌட்டுக்குச் சிறுநீரகத்தின் வெளியேற்றக் குறையையே காரணமாகக் காட்டுகிறார். என் ஐயம் அவர் கோட்பாட்டின் மீதல்ல, சோதனை முடிவை அவர் வாசித்த விதத்தின் மீது.

செய்முறை எளிது. ஒன்றிரண்டு டிராம் சீரத்தைத் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, அசிட்டிக் அமிலம் சேர்த்து, ஓரிரு லினன் இழைகளை அமிழ்த்தி, நீர் ஏறக்குறைய வற்றும்வரை வைக்க வேண்டும். யூரிக் அமிலம் மிகுந்திருந்தால் இழையில் படிகம் கட்டும். அறை சூடாக இருந்து சீரம் விரைவில் காய்ந்தால் படிகம் கட்டாமலே போகும் என்பதையும் அவரே எச்சரிக்கிறார்.

படிகம் கண்டால் கௌட். காணாவிட்டால் கௌட் அல்ல. 'ருமாட்டிக் கௌட்' என்று குழம்பிக் கிடந்த மூட்டுநோயைப் பிரிக்க இந்த வாசிப்பு அவருக்குக் கைகொடுத்தது. அதற்கு அவர் தந்த 'ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' (முடக்குவாதம்) என்ற பெயர் 1859 நூலில் அச்சேறியது. 1858 என்பாரும் உண்டு. பிரித்தது சரிதான். பிரித்ததற்குக் காட்டிய சான்றுதான் இடறுகிறது. ஆரோக்கியமானவரிடம் உள்ள சிறு அளவுக்கு மேல், 1,000 கிரெயின் சீரத்துக்கு 0.025 கிரெயினாவது கூடுதலாக இருந்தால்தான் படிகம் தோன்றும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் வெறும் இழை 'இயல்பு' என்று சொல்லவில்லை, 'வரம்பைத் தாண்டவில்லை' என்று மட்டுமே சொல்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் 1848 கட்டுரையிலேயே இருக்கிறது. கௌட் இல்லாத பிரைட் நோயாளிகளின் இரத்தத்திலும் யூரிக் அமிலத்தை அவர் கண்டிருந்தார். ஆகவே படிகம் கௌட்டின் முத்திரை ஆகாது. வெளியேறாமல் தேங்கியதன் அடையாளம், அவ்வளவே. மூட்டும் முடங்கிச் சிறுநீரகமும் கெட்ட ஒருவரின் சீரத்தில் இழை போட்டிருந்தால் படிகம் கட்டியிருக்கக் கூடும். இந்த வாசிப்பில் அந்த நோயாளி கௌட் பட்டியலுக்கே போயிருப்பார். அப்படி எவரும் போனதாக நான் நிறுவவில்லை. ஆனால் போயிருந்தால் கண்டுபிடிக்க இந்தச் சோதனையில் வழியே இல்லை என்பதை வலுவாகவே சொல்வேன்.

முடக்குவாதத்தை நேராகக் காட்டும் இரத்தக்குறி பின்னர்தான் கிட்டியது: 1940-இல் எரிக் வாலர், 1948-இல் ஹாரி ரோஸ் குழுவினர் விவரித்த ருமாட்டாய்டு காரணி. இந்த நோயாளிகளிடம் சிறுநீரகச் சோதனையோ மருந்தின் வழியாகத் திரும்பியது. 1929 முதல் மருத்துவர் ஃபாரெஸ்டியே பரப்பிய தங்க ஊசி சிறுநீரில் புரதம் இறங்கச் செய்யும் என்பதால் சிறுநீரைப் பார்த்தார்கள். முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் இன்று இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். அந்த அளவீட்டுக்கு அடிப்படை மேக்ஸ் யாஃபே 1886-இல் கண்ட பிக்ரிக் அமில வினை.

கிரியேட்டினினுக்கும் இதே இடறல் உண்டு. அது தசையிலிருந்து வருவது. நெடுநாள் முடக்குவாதத்தில் தசை வற்றியவரிடம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தாலும் எண் இயல்பு வரம்புக்குள்ளேயே நிற்கலாம். மாற்றாகச் சொல்லப்படும் சிஸ்டாட்டின் சி தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. ஆனால் அழற்சியும் ஸ்டீராய்டும் அதை உயர்த்தக் கூடும், முடக்குவாத நோயாளிகள் பலரிடம் இரண்டுமே உண்டு.