வெள்ளியில் பொறித்த வல்லூறு

மொரீசியஸ் தீவு 1971-இல் வெளியிட்ட பத்து ரூபாய் நாணயத்தில் டோடோ நிற்கிறது. பறக்க அறியாத அப்பறவையை எவரும் உயிருடன் கண்டு அப்போதே முந்நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. 1598-இல் ஒல்லாந்தர் அங்குக் கரையிறங்கினர். பொதுவாக ஏற்கப்படும் கடைசிக் காட்சி 1662-க்கு உரியது. அந்த நாணயம் ஒரு கல்லறைக் கல்வெட்டு என்றே எனக்குத் தோன்றும்.

1975-இல் வந்தது வேறுவகை நாணயம். வனவிலங்குப் பாதுகாப்புக்கு நிதி திரட்டப் பல நாடுகள் வெளியிட்ட வரிசையில் இத்தீவும் சேர்ந்தது. அதன் ஐம்பது ரூபாய் வெள்ளி நாணயத்தில் மொரீசியஸ் வல்லூறு. மறுபுறம் எலிசபெத் அரசியின் முகம். சேகரிப்போர் எடையையும் மெருகையும் பார்ப்பர். ஆனால் 1974-இல் காட்டில் அறியப்பட்டிருந்த வல்லூறுகள் நான்கே நான்கு! பறவையை விட அதன் உருவங்களே மிகுதி.

காடழிப்பும், மலேரியாக் கொசுவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி.யும், மனிதர் கொணர்ந்த கீரியும் குரங்கும் எலியும் சேர்ந்து விளைத்த கேடு அது. 1979-இல் அங்குச் சென்ற கார்ல் ஜோன்ஸ் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொறியில் பொரிக்க வைத்தார். திருட்டுப் போலத் தோன்றினும், முட்டை இழந்த தாய்ப்பறவை மீண்டும் முட்டையிட்டது. 1990-களில் வல்லூறுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. எனினும் 2014-இல் அவற்றின் ஆபத்து நிலை மறுபடியும் ஒரு படி உயர்த்தப்பட்டது.