சைக்கிள் காப்பீடும் காரைக்கால்மேடும்

வண்டி மோதிப் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டைப் பிரித்தானிய இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியபோது, எந்திர விசையால் ஓடாத சைக்கிள் அதன் வரம்புக்கு வெளியே நின்றது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த காரைக்காலை அச்சட்டம் அன்று கட்டுப்படுத்தவில்லை. பின்னர் வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும் சைக்கிளைச் சேர்க்காததால், அதற்குக் காப்பீடு எடுப்பது உரிமையாளரின் விருப்பமாகவே இருந்துவருகிறது.

பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையாகி நான்கு நிறுவனங்களின் கீழ் வந்தபின், வீட்டு உடைமைகளுக்கான பாலிசியின் ஒரு பிரிவாகவே சைக்கிள் பெரும்பாலும் இடம்பெற்றது. தீ, திருட்டு, விபத்து ஆகியவற்றால் நேரும் சேதத்தை அது ஏற்றது. ஆனால் சைக்கிள் முழுதும் களவுபோனாலன்றி, தனியே திருடப்பட்ட விளக்குக்கோ மணிக்கோ இழப்பீடு இல்லை. டயர் மட்டும் கிழிந்தால் இல்லை. வாடகைக்கு விட்ட வண்டிக்கும் இல்லை. நாள்பட்ட தேய்மானத்துக்கு அறவே இல்லை. காரைக்கால் பகுதியிலுள்ள காரைக்கால்மேடு போன்ற மீனவர் ஊரில் இந்தக் கடைசி விலக்கே பெரிது. கேரியரில் கட்டிய மீன் பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்து வடியும் நீர் ரிம்மிலும் போக்ஸ் கம்பிகளிலும் இறங்க, உப்புக்காற்றும் சேர்ந்து செயினை அரிக்கும்போது, மீன் வியாபாரியின் வண்டியை அழிப்பது திருடனைவிடத் துருவே. நகரத்து வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாலிசி இந்த இழப்பைக் கணக்கில் கொள்ளாதது அதன் பெருங்குறை.

பாலிசி எட்டாத இடத்தில் வேறு ஏற்பாடுகள் காவல் காத்தன. தமிழகத்தின் நகராட்சிகளும் ஊராட்சிகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு அளித்த உலோக வில்லை, வரிக்கான சான்றாக இருந்ததோடு வண்டியை அடையாளம் காணவும் உதவியது. மணிக்கணக்கில் சைக்கிள் கொடுத்த வாடகைக் கடைக்காரர் மட்கார்டில் எண் எழுதி, பெயரையும் தெருவையும் நோட்டில் குறித்துக்கொண்டார். தெரியாத முகமென்றால் தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

திருட்டுக்கு இழப்பீடு கோருவோரிடம் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையும், வாங்கிய ரசீதும், சைக்கிளின் சட்டகத்தில் பொறித்த எண்ணும் கேட்கப்படுவது வழக்கம். கைமாறி வந்த பழைய சைக்கிளுக்கு ரசீது கிடைப்பது அரிது. வண்டிக்கல்லாமல் ஆளுக்கான காப்பீடு வேறு: 2015இல் தொடங்கிய விபத்துக் காப்பீட்டுத் திட்டமான பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயதுவரையினருக்கு, தொடக்கத்தில் 12 ரூபாயும் 2022 முதல் 20 ரூபாயும் ஆண்டு பிரீமியமாகப் பெற்று, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் வழங்குகிறது; ஓட்டுபவர் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார், அவருடைய சைக்கிள் வருவதில்லை.