சொல்லும் மருந்தாகும் – பயிற்றுநர் பி.கே. பானர்ஜி



காற்பந்தாட்டத்தில் வெற்றி தேடித் தருவது எது? கால்கள்தாம் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால், ஆட்டக்காரராக இருந்தபோது கால்களாலும், பயிற்றுநரானபின் சொற்களாலும் வெற்றி தேடித் தந்த ஒருவர் இந்தியாவில் வாழ்ந்தார். அவர்தாம் பிரதீப் குமார் பானர்ஜி. சுருக்கமாக, பி.கே.

1936-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜல்பாய்குரி வட்டாரத்தில் பிறந்த பி.கே., இரும்பாலை நகரமான ஜாம்ஷெட்பூரில் படித்தார். குடும்பப் பொறுப்பு இளமையிலேயே அவர் தோளில் ஏறியது. கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றுமே பெரிய கழகங்கள். பி.கே.யோ ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு, ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கே ஆடினார். 1958-இல் அந்த அணி கல்கத்தா லீக்கை வென்றது. அம்மூன்று கழகங்களையும் பின்தள்ளி வேறோர் அணி மீண்டும் லீக்கை வெல்ல 61 ஆண்டுகள் ஆயின!

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக இருந்து, பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கோலாலம்பூரில் நடந்த மெர்டேக்கா போட்டிகளிலும் ஆடினார். 1959-இல் அங்கே மலாயா முதலிடம் பெற்றது, இந்தியா இரண்டாமிடம்.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்தார். அதனால் அரங்கத்தில் திரண்டிருந்த மக்கள் இந்திய அணிமீது சினம் கொண்டிருந்தனர். இறுதியாட்டத்தில் எதிரணி, முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2–0 என வென்றிருந்த தென்கொரியா. இந்தியாவின் பயிற்றுநர் ரஹீமோ புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். எனக்குத் தங்கப் பதக்கத்தைப் பரிசாகத் தாருங்கள் என்று அவர் கேட்டதாக ஆட்டக்காரர்கள் பின்னாளில் கூறினர். பி.கே. ஒரு கோல், தலையில் காயத்தோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். இந்தியா 2–1 என வென்றது. மறு ஆண்டே ரஹீம் மறைந்தார்.

ஆசிரியரின் சொல்லுக்கு இருந்த அந்த வலிமை மாணவரிடமும் தொடர்ந்தது. 1970-களில் பி.கே. பயிற்றுநராக இருந்தபோது, ஆட்டத்துக்கு முன் அவர் ஆற்றும் ஊக்கவுரையை வங்காளத்தார் 'வோக்கல் டானிக்' என்றே அழைத்தனர். 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் அவருடைய ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 5–0 என வீழ்த்தியது. பின்னர் அதே மோகன் பகானுக்கு அவர் பயிற்றுநரானார். 1977-இல் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு அது 2–2 எனச் சமன் செய்தது!

2020 மார்ச் 20-இல் பி.கே. காலமானார்.

பெற்றோர்களே, வெறும் பேச்சு கோல் அடிக்காது. அன்றாடப் பயிற்சி வேண்டும். ஆனால், பயிற்சி பெற்ற கால்களும் அச்சத்தில் தளர்ந்துபோகும். அப்போது தெம்பு தருவது, நம்பிக்கையுள்ள ஒருவர் சொல்லும் சொல். பிள்ளை திடலுக்குச் சென்றாலும் தேர்வுக்குச் சென்றாலும், அந்தச் சொல் முதலில் நம் வீட்டிலிருந்தே கிடைக்கட்டும்.