நோவறியாதவர்களின் வைத்தியசாலை

ஒரு வைத்தியசாலையில் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் சாதாரணமாகச் செய்வது, அங்கே படுத்திருக்கும் நோயாளியின் அருகே போய், நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா என்று விசாரிப்பதுதான்; அவர் குறை சொன்னால் ஸ்தாபனத்தின் மீது சந்தேகம் கொள்கிறோம், குறையொன்றும் இல்லையென்றால் திருப்தியுடன் வீடு திரும்புகிறோம். நோயாளிக்கு நோவு தெரியும், தெரிந்த நோவைச் சொல்ல வாயும் உண்டு என்ற இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிற விசாரணை இது. இவ்விரண்டில் முதலாவதே பொய்த்துப்போகும் ஒரு வியாதி பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருந்தது. செங்கற்பட்டிலிருந்து இரு ஆர்க்காடுகளின் வழியாகக் கல்வராயன் மலையடிவாரம் வரை பரவிய அந்தப் பூமி, உலகிலேயே தொழுநோய் மிகுந்த பிரதேசங்களுள் ஒன்றாக வைத்திய நூல்களில் இடம்பெற்றது. அதன் காரணமாகவே, நோயாளி புகார் சொல்லாத இடத்தில் பராமரிப்பின் தரத்தை எவ்வாறு நிறுப்பது என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்து வைத்தியர்கள் மற்றவர்களுக்கு முன்பே விடை தேட வேண்டியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. 1874-இல் வெல்லஸ்லி பெய்லி தொடங்கிய லெப்ரஸி மிஷனும், அதைப் போன்ற பிற சமயத் தொண்டு ஸ்தாபனங்களும் எழுப்பிய ஆசிரமங்கள் கருணையால் எழுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வீதியில் பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடித்து அத்தகைய இடங்களில் அடைக்க அதிகாரம் தந்தபோது, ஆசிரமத்தின் நன்மை தீமையை உள்ளே இருப்பவனின் கண்கொண்டு பார்க்காமல் மதிலுக்கு வெளியே இருப்பவனின் கண்கொண்டு பார்க்கும் வழக்கம் உறுதிப்பட்டது. கடைத்தெருவில் நோயாளிகள் தென்படாவிட்டால் ஆசிரமம் நன்றாக நடக்கிறது என்று பொருள். ஆண்டறிக்கைகளில் படுக்கைகள், உள்ளே இருப்போரின் தொகை, உணவுச் செலவு, தோட்டம், பிரார்த்தனை ஆகியவை ஒழுங்காக இடம்பெற்றன. சிகிச்சை என்பது நீரடிமுத்து எண்ணெயை ஊசியால் உடம்பில் செலுத்துவது. அந்த ஊசியின் வலியை உணர்ச்சி எஞ்சியிருந்த இடங்கள் மாத்திரம் அறிந்தன.

1930-களில் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் குடியிருப்பின் பொறுப்பேற்ற ராபர்ட் காக்ரேன் என்ற பிரிட்டிஷ் வைத்தியர், இந்த நிலைமையை மாற்ற முற்பட்டவர்களுள் முதன்மையானவர். அவருடைய நட்பைப் பெற்ற தமிழர் ஒருவரின் வரலாறு நம் கவனத்துக்குரியது. 1909-இல் பிறந்த டி. என். ஜகதீசன், பாலப்பருவத்திலேயே இந்நோய்க்கு ஆளானவர்; அதை மறைத்தும் சகித்தும் படித்து, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலம் போதித்தவர்; மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைப் பதிப்பித்தவர். காந்தியடிகள் தமது நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் சேவையையும் சேர்த்த காலத்தில், அடிகளோடு இவ்விஷயமாகத் தொடர்பு கொண்டிருந்த ஜகதீசனின் முயற்சியாலும் காக்ரேனின் ஆலோசனையாலும், 1940-களின் நடுவில் கஸ்தூரிபாய் அம்மையார் பெயரால் எழுந்ததுதான் அக்காலத்துத் திருக்கோயிலூர்ப் பக்கத்து மழவந்தாங்கலில் உள்ள குஷ்ட நிவாரண நிலையம். நோயாளியை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்து மதிலுக்குள் வைப்பதைவிட, ஊரைத் தேடிப் போய் வைத்தியம் செய்வதே முறை என்ற கொள்கை அங்கே வேர்விட்டது. நோயை அனுபவித்த ஒருவரே ஸ்தாபனத்தை உருவாக்கியதன் பலன், ‘உள்ளே இருப்பவன்’ என்கிற மனிதனுக்கு முதல் தடவையாக ஒரு பார்வையும் ஓர் அபிப்பிராயமும் கிடைத்தன என்பதே என்று நான் கருதுகிறேன். 1957-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதைவிடப் பெரிய கௌரவம், நோயாளியாக இருந்துகொண்டே வைத்தியர்களின் சபையில் சமமாக உட்கார்ந்து பேசினார் என்பதுதான்.

காக்ரேன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றபோது, எலும்பு வைத்தியத்தில் தேர்ந்த பால் பிராண்டை அங்கே அழைத்துக்கொண்டார். பிராண்டின் பெற்றோர் கொல்லிமலையில் தொண்டு செய்தவர்கள்; அவரும் அம்மலையில் வளர்ந்தவர். செங்கற்பட்டுக் குடியிருப்பைச் சுற்றிப் பார்க்க வந்த பிராண்ட், மடங்கிய விரல்களையுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். அந்த முடக்கையின் பிடி அவரை வலியால் துடிக்கச் செய்தது. கையின் தசைகள் எல்லாம் செத்துவிடவில்லை, சில நரம்புகள் பட்டுப்போனதால் சில தசைகள் மாத்திரம் ஓய்ந்துவிட்டன என்று அவருக்குப் புலப்பட்டது அக்கணத்தில்தான். உயிரோடிருக்கும் தசையொன்றின் தசைநாணை எடுத்து, ஓய்ந்துபோன தசையின் வேலைக்குத் திருப்பிவிடும் சத்திர சிகிச்சையை 1948 முதல் அவர் வேலூரில் செய்யத் தொடங்கினார்.

சத்திர சிகிச்சை ஜயித்தது. நோயாளி ஜயித்தானா என்பது வேறு விஷயம். நிமிர்ந்த விரல்களோடு வெளியே போன சிலர் திரும்பி வந்து, முன்பு முடங்கிய கையைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை, வேலை கொடுப்பாரும் இல்லை என்று முறையிட்டதாகப் பிராண்ட் எழுதியிருக்கிறார். நல்ல கை, பிச்சைக்கு உதவாத கை! வைத்தியப் பதிவேட்டில் ‘பூரண குணம்’ என்று எழுதத்தக்க ஒருவர், அதே நாளில் தம் ஒரே ஜீவனோபாயத்தை இழந்து நின்றார். இந்த முறையீட்டைக் கேட்டுச் சினம் கொள்ளாமல் அதன் நியாயத்தை ஒப்புக்கொண்ட வேலூர் வைத்தியர்கள், கல்லூரி வளாகத்தின் ஓரத்தில் ‘நவஜீவ நிலையம்’ என்ற சிறு குடிசைக் கிராமத்தை அமைத்துத் தச்சுவேலை முதலிய தொழில்களைக் கற்பித்தார்கள். மறுவாழ்வு என்று இன்று நாம் சொல்லும் காரியம் வேலூரில் இவ்வாறு பிச்சைக்காரர்களின் புகாரிலிருந்து வடிவம் பெற்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நவஜீவ நிலையத்தில்தான் விசேஷமான கணக்கு ஒன்று தொடங்கிற்று. விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்பது அதுவரை வைத்தியர்கள்கூட நம்பிவந்த செய்தி. தினந்தோறும் ஒவ்வொருவரின் கையையும் காலையும் பார்த்து, புதிதாகத் தென்படும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடுவது என்று முடிவு செய்யப்பட்டது. மண்வெட்டிப் பிடியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி கையைக் கிழித்திருந்தது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க முறுக்கிய சாவி சதையை வெட்டியிருந்தது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியவர் கொப்புளத்தை மறுநாள்தான் கண்டார். இவ்வளவுக்கும் விளக்கம் கிடைத்த பிறகும், இரவில் விரல் முனை காணாமல் போவதற்கு மட்டும் காரணம் புரியவில்லை. விழித்திருந்து பார்த்தவர்கள், உறங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்பதையும், அவர் சிறிதும் அசையாமல் தூங்குவதையும் கண்டார்கள். அதன் பிறகு அங்கிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. வைத்திய சரித்திரத்தில் பூனைக்குக் கிடைத்த இந்த உத்தியோகத்தைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் எண்ணற்ற ஊசிகள் காப்பாற்றாத விரல்களை அது காப்பாற்றியது.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்த அளவுகோல் மிக எளியது. உணர்ச்சியற்ற உறுப்பில் ஏற்படும் புதுப்புண், நோயின் குற்றமன்று, கவனிப்பின் குறை. ஆதலின் நிலையத்தின் தரத்தை அறிய நோயாளியைக் கேட்க வேண்டியதில்லை. அவருடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்து, சென்ற வாரம் இல்லாத புண் இந்த வாரம் இருக்கிறதா என்று எண்ணினால் போதும். இதற்குரிய சிகிச்சையும் எளியதே. நடக்கும்போது விழும் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்புவதற்காகக் கால் முழுதும் மாவுக்கட்டுப் போடும் முறையை 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற சத்திர வைத்தியர் கையாண்டிருந்தார். பின்னர், காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையமும் வேலூரும் சேர்ந்து, நுண்ணறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்வித்தன. ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் அச்செருப்பு பாதத்தைக் காத்தது. ஆனால் அதன் உருவமே அணிந்தவரின் வியாதியைத் தெருவுக்கு அறிவித்ததால், பலர் அதை ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஊருக்குள் நுழைந்தார்கள். செருப்புக் கொடுத்ததைக் கணக்கெழுதிய ஸ்தாபனங்கள் பல. அது அணியப்படுகிறதா என்று விசாரித்தவை சில.

மாத்திரைகளின் யுகம் வேறோர் அளவுகோலைக் கொண்டுவந்தது. காது மடலிலும் தோலிலும் சிறிது கீறி எடுத்த திரவத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, கிருமிகளை எண்ணி, ஒன்று முதல் ஆறு வரை கூட்டல் குறியிடுவது ஆய்வுக்கூடத்தின் முறை. டாப்ஸோன் என்ற மருந்து வந்த பிறகு அக்குறிகள் ஆண்டுதோறும் குறைந்தன. ஒரே மருந்தை எதிர்த்துக் கிருமி நிலைபெறுவது 1964-இல் மலேயாவில் நிரூபிக்கப்பட்டது. 1982-இல் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பதினாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. மகத்தான வெற்றி இது. எனினும் இந்த வெற்றியின் கணக்கில் ஒரு நூதனம் உண்டு: மருந்தை முடித்தவர் ‘சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்’ ஆகிப் பதிவேட்டைவிட்டு நீங்குகிறார். பட்டுப்போன நரம்பு அவரோடு ஆயுள் முழுதும் இருக்கிறது. ஆறிய புண் மறுபடி திறக்கிறது. கணக்கில் மாத்திரம் அவர் இல்லை. கள்ளக்குறிச்சியை அடுத்த வடதொரசலூரில் லெப்ரஸி மிஷன் நடத்தும் வைத்தியசாலையும், இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பயிற்சி நிலையமும், கணக்கைவிட்டு நீங்கிய இவர்களையும் இவர்களுடைய மக்களையும் மனத்தில் கொண்டே இயங்குகின்றன.

மலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தை முடிக்கலாகாது. கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்து கால் நூற்றாண்டு கழிந்தும் மலையாளிப் பழங்குடிகள் ஜாகீர் நிர்வாகத்தின் கீழேயே வாழ்ந்தார்கள். பிணியாளரை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்குவதே அங்கே வைத்தியத்தின் முதல் அத்தியாயம். உணர்ச்சியற்ற பாதத்தோடு கற்பாதையில் நடந்து, சாமையும் தினையும் விளைவிக்கும் ஒருவரிடம், ஆறு வாரம் காலை ஊன்றாமல் மாவுக்கட்டோடு இருக்கும்படி கீழ்நாட்டு வைத்தியர் சொல்வது சாஸ்திரப்படி சரியே. அறுவடை நேரத்தில் அவர் கட்டை வெட்டியெறிந்துவிட்டு மலையேறினால் அவரை ‘ஒத்துழையாத நோயாளி’ என்று எழுதுவது என் அபிப்பிராயத்தில் சரியன்று. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வரை உள்ள தூரமும் பராமரிப்பின் ஓர் அங்கமே. அம்மலை மக்களின் வாழ்க்கை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது 2024-இல். அதுவும் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு.

புண்ணை எண்ணும் முறை தொழுநோய்க்கு மட்டும் உரியதன்று. படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கு உண்டாகும் படுக்கைப் புண், பெரும்பாலும் நோயினால் வருவதன்று, சுச்ரூஷையின் குறையால் வருவது என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இலேயே எழுதினார். நம் ஊர்களில் இன்று பெருகிவரும் முதியோர் இல்லங்களுக்கும் மறுவாழ்வு நிலையங்களுக்கும் பெற்றோரை அனுப்புகிறவர்கள், கட்டிலையும் மின்விசிறியையும் வரவேற்பறையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். முதுகையும் குதிகாலையும் பார்க்கிறவர் அருமை. நினைவு தப்பிய முதியவரும், சித்தம் கலங்கியவரும், பேச்சிழந்தவரும் புகார் சொல்ல இயலாத வகையில் அந்த மரத்த பாதத்தையே ஒத்தவர்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டபோதுதான் அங்கிருந்த மனநோயாளர் இல்லங்கள் நாட்டின் கண்ணில் பட்டன. 2023 பிப்ரவரியில், மழவந்தாங்கல் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தின் குண்டலப்புலியூரில், உரிமமின்றி நடந்த ஆசிரமமொன்றிலிருந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். பாலியல் கொடுமை முதலிய குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. அவ்விவகாரம் வெளிப்பட்டது உள்ளே இருந்தவர்களின் முறையீட்டால் அன்று. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணாமல், அவரைத் தேடியவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதால்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கோரும் பிரிவு 2019-இல் ஒழிந்தது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-இல் இயற்றிய சட்டத்துக்கு விதிகள் வர 2018 ஆயிற்று. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமடைந்தவரையும் மாற்றுத்திறனாளியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது; அரசின் சலுகைகள் பலவற்றுக்குக் குறைந்தது 40 சதவீத ஊனம் என்று சான்று வேண்டும். அதற்காக மலையிலிருந்து இறங்கி வருகிறவர் மருத்துவர்களின் முன்னே உட்கார்ந்து, காலை நீட்டுகிறார். விரல்களை மடக்கி நீட்டிக் காட்டுகிறார். அவருடைய ஊனம் இவ்வளவு சதவீதம் என்று நிறுத்து எழுதப்படுகிறது. அந்தப் பாதத்தில் எந்தப் புண் எந்த நிலையத்தின் கவனிப்பில் இருந்தபோது உண்டாயிற்று என்று அந்தச் சான்றிதழ் கேட்பதில்லை.