கோல் அடிப்பவர் காயமுற்றால் அணி என்ன செய்யும்?

தோட்டத்து அணிகளில் பதினோரு பேர் இறங்கினாலும் பேச்செல்லாம் ஒருவரைப் பற்றித்தான். "பந்தை அவன்கிட்ட குடு, மத்தத அவன் பாத்துக்குவான்" என்பதே பல அணிகளுக்கு ஒரே திட்டம். சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குடும்பங்கள் ஈப்போ, புந்தோங் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் வார இறுதிக் கிண்ணப் போட்டிகளில் அந்தத் திட்டம் மட்டும் மாறவில்லை. அந்த ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திடலில் சாய்ந்தால், மீதிப் பத்துப் பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பெரிய அணிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. சில சமாளித்தன, சில நொறுங்கின. எது எதனால் என்று பார்த்தால் நம் திடலுக்கும் பயன் உண்டு.

முதலில் நம் நாட்டிலேயே நடந்தது. 2024 மே 5-ஆம் தேதி பெட்டாலிங் ஜெயா, கோத்தா டாமான்சாராவில் ஒரு பேரங்காடியில் சிலாங்கூர் அணியின் முன்கள ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மீது எரிதிராவகம் வீசப்பட்டது. நான்காம் நிலைத் தீக்காயங்களுடன் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு ஜனவரியில் கட்டாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவை மலேசியா 3-3 எனச் சமன் செய்தபோது கோல் அடித்தவர்களில் ஒருவர் அவர். அது ஆட்டத்தில் பட்ட காயமல்ல, குற்றச்செயல். மற்ற ஆட்டக்காரர்கள் மீதும் அந்த நாள்களில் தாக்குதல் நடந்திருந்தது. மே 10-ஆம் தேதி ஜே.டி.தி அணியுடன் ஆடவிருந்த சும்பாங்சே கிண்ண ஆட்டத்திலிருந்து சிலாங்கூர் விலகிக்கொண்டது. விலகியது சரியா என்ற வாதம் அப்போது பலமாக எழுந்தது. உயிர் பயத்தில் இருக்கும் ஆட்டக்காரர்களிடம் ஆட்ட உத்தி பேச முடியாது என்பதே என் எண்ணம்.

அடுத்த மாதம் தேசிய அணி அவர் இல்லாமலேயே உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் கடைசி இரு ஆட்டங்களில் இறங்கியது. கிர்கிஸ்தானுடன் 1-1 எனச் சமன், தைவானுடன் 3-1 என வெற்றி. மலேசியா 10 புள்ளி, கிர்கிஸ்தான் 11 புள்ளி. ஒரே புள்ளியில் வாய்ப்பு போனது. "ஃபைசால் இருந்திருந்தால்" என்ற பேச்சு சாப்பாட்டுக் கடைகளில் ஓயவே இல்லை. பிறகு அவர் சிகிச்சை முடிந்து மீண்டும் திடலுக்கு வந்தது வேறு கதை.

கோலை மட்டும் எண்ணக்கூடாது

முன்கள ஆட்டக்காரர் போய்விட்டால் எல்லாரும் முதலில் கேட்பது, "இனி யார் கோல் அடிப்பது?" இது பாதிக் கேள்விதான். அவர் கோல் மட்டுமா அடித்தார்? பின்னாலிருந்து வரும் நீளப் பந்தை நெஞ்சில் வாங்கி, கூட்டாளிகள் வந்து சேரும்வரை வைத்திருந்தவர் அவர். எதிரணித் தற்காப்பாளர் இருவரைத் தன் பக்கம் இழுத்ததால்தான் பக்கவாட்டில் ஓடுபவருக்கு இடம் கிடைத்தது. எதிரணி பந்தைத் தொடங்கும்போது முதலில் ஓடிப்போய் மறித்ததும் அவரே. உயரமானவராக இருந்தால், நம் கோல் முனைக்கு வரும் கார்னர் பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்பியதும் அவராகத்தான் இருக்கும். பினால்டி உதைக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அவரிடம் இருக்கும்.

இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆளின் தலையில் கட்டினால், வந்தவரும் விழுவார், அணியும் விழும்.

1962: பெலே இல்லாத பிரேசில்

இதற்குச் சிறந்த பாடம் சிலி நாட்டில் நடந்த 1962 உலகக் கிண்ணம். பெலேவுக்கு அப்போது 21 வயது. முதல் ஆட்டத்தில் மெக்சிகோவை 2-0 என வென்றபோது ஒரு கோல் அவருடையது. ஜூன் 2-ஆம் தேதி வினா டெல் மார் நகரில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக ஓங்கி ஒரு பந்தை உதைத்தபோது தொடை இடுக்குத் தசை கிழிந்தது. உலகக் கிண்ணத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி 1970-இல்தான் வந்தது. அதனால் பெலே நொண்டிக்கொண்டே திடலின் ஓரத்தில் நிற்க வேண்டியிருந்தது. தன் காலில் பந்து வந்தபோது செக் ஆட்டக்காரர் மசோபுஸ்ட் போன்றவர்கள் மோதாமல் ஒதுங்கி நின்றதைப் பெலே பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஆட்டம் 0-0. பெலேவுக்கு அந்த உலகக் கிண்ணம் அத்தோடு முடிந்தது.

அடுத்து ஸ்பெயின். பெலேவின் இடத்தில் இறங்கியவர் 22 வயது அமரில்டோ. ஸ்பெயின் முதலில் கோல் போட்டு முன்னிலை பெற்றது. கடைசி இருபது நிமிடத்துக்குள் அமரில்டோ இரண்டு கோல் அடித்து 2-1 என வென்று கொடுத்தார். புதியவர் ஒருவரின் அதிர்ஷ்டம் என்று பலரும் இதை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அமரில்டோ எந்தக் கிளப்பிலிருந்து வந்தார் என்று பாருங்கள். ரியோவின் போட்டாஃபோகோ. அதே கிளப்பில்தான் கரிஞ்சா, டிடி, சகாலோ, நில்டன் சாண்டோஸ் நால்வரும் ஆடினார்கள். கரிஞ்சா எப்போது பந்தைத் தருவார், டிடி எங்கே நிற்பார் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டை எண் மாறியதே தவிர, கூட்டாளிகள் பழைய கூட்டாளிகள்தான்.

இரண்டாவது விஷயம் கரிஞ்சா. வலப்பக்கம் ஓடிப் பந்தைப் பிறருக்குத் தருவதே அவர் வழக்கம். பெலே போனபின் அவர் நடுவே வந்து கோல் அடிக்கத் தொடங்கினார். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு. அவற்றில் தலையால் முட்டியவையும் உண்டு, இடது காலால் அடித்ததும் உண்டு. இடப்பக்க ஆட்டக்காரரான சகாலோ தேவைப்பட்டபோதெல்லாம் பின்னுக்கு வந்து நடுத்திடலுக்குக் கைகொடுத்தார். ஜூன் 17-ஆம் தேதி சந்தியாகோவில் இறுதியாட்டத்தில் அதே செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என வீழ்த்தி பிரேசில் கிண்ணத்தை வென்றது. கணக்கைப் பாருங்கள்: கரிஞ்சா 4, வாவா 4, அமரில்டோ 3. பெலேவின் வேலையை மூவர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இதே பிரேசில் 2014-இல் சொந்த மண்ணில் என்ன ஆனது? காலிறுதியில் கொலம்பியாவுடன் ஆடியபோது நெய்மாரின் முதுகில் எதிரணியினர் ஒருவரின் முழங்கால் மோதி முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அணித்தலைவர் தியாகோ சில்வாவும் மஞ்சள் அட்டைகளால் அடுத்த ஆட்டத்துக்கு இல்லை. ஜூலை 8-ஆம் தேதி பெலோ ஒரிசோன்டேயில் தேசியகீதம் ஒலித்தபோது நெய்மாரின் சட்டையைக் கையில் ஏந்தி நின்றார்கள். பார்த்தவர்கள் உருகினார்கள். ஆனால் அவர் இடத்தில் இறங்கிய பெர்னார்ட்டுக்கு அது எப்படி இருந்திருக்கும்? தற்காப்பில் தலைவரையும் இழந்த அணி, நடுத்திடலை இறுக்காமல் சொந்த ரசிகர்களின் ஆரவாரத்தோடு முன்னே பாய்ந்தது. 29 நிமிடத்துக்குள் ஜெர்மனி ஐந்து கோல் போட்டுவிட்டது. முடிவு 1-7. அடிபட்டவரை நினைப்பது வேறு; அவர் இல்லாமல் ஆடத் தயாராவது வேறு.

1966-இல் இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸுக்குக் காலில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். மாற்றாக வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் நன்றாக ஆடியதால், கிரீவ்ஸ் குணமான பிறகும் பயிற்றுநர் ஆல்ஃப் ராம்சே அணியை மாற்றவில்லை. இறுதியாட்டத்தில் ஹர்ஸ்ட் மூன்று கோல் அடித்தார். கிரீவ்ஸை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

நம் திடலில்

நம் அணிகளில் மொத்தமே பதின்மூன்று, பதினான்கு பேர்தான். பிரேசிலுக்குக் கிடைத்ததுபோல் அமரில்டோ கிடைக்கமாட்டார். ஆனால் வாரத்தில் ஒரு நாள் பயிற்சியில் நட்சத்திர ஆட்டக்காரரை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆடிப் பார்க்கலாம். செலவில்லை. யார் முன்னே போகிறார், யார் பந்தை வைத்திருக்கிறார் என்பது காயத்துக்கு முன்பே தெரிந்துவிடும். கோல் அடிக்க ஆள் குறைந்தால் கார்னர், ஃபிரீகிக் உதைகளை ஒழுங்காகப் பழகலாம். தற்காப்பிலிருந்து உயரமான ஒருவர் முன்னே வந்து முட்டினாலும் அது கோல்தான்.

இனி முக்கியமான விஷயம். சிறிய அணி ஒன்று தன் கோல்வீரர் இல்லாமல் ஆடத் தெரியாமல் இருந்தால், அதன் விலையை அவர் முழங்கால்தான் கொடுக்கிறது. துணியை இறுக்கிக் கட்டி, வலி மறக்க ஸ்பிரே அடித்து, "அரை இறுதிதானே, ஒரு ஆட்டம்தான்" என்று மீண்டும் இறக்கிவிடுவார்கள். திடலில் ஓடித் திரும்பும்போது முழங்காலில் 'டப்' என்ற சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நடக்கும்போது கால் மடங்கிவிடுவது போன்ற உணர்வு. இந்த மூன்றும் இருந்தால், ஏ.சி.எல் எனப்படும் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து வழிக்கக்கூடாது. ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசாங்க மருத்துவமனை எலும்பியல் பிரிவில் முறை வர நாளாகலாம். அதுவரை பந்தைத் தொடக்கூடாது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக ஒன்பது மாதமாவது ஆகும். நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயமுறும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகச் சொல்கிறது. காயத்தைத் தவிர்க்க ஃபிஃபா வகுத்துள்ள '11+' என்ற இருபது நிமிடப் பயிற்சி உண்டு. ஓட்டம், தொடைத் தசை வலு, ஒற்றைக்காலில் நிலைத்து நிற்றல், குதித்து இறங்குதல் எனப் பதினைந்து பயிற்சிகள். கருவி எதுவும் வேண்டாம்; இணையத்தில் காணொளி இலவசம். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்திறங்கி நேராகத் திடலுக்குள் ஓடுபவர்களுக்கு இது பிடிக்காதுதான்.

கொலம்பியாவின் ரடமெல் ஃபல்காவ் 2014 ஜனவரியில் பிரெஞ்சுக் கிண்ண ஆட்டம் ஒன்றில், அதுவும் அமெச்சூர் அணிக்கு எதிராக, இடது முழங்காலின் அதே தசைநாரை அறுத்துக்கொண்டார். உலகக் கிண்ணத்துக்கு ஐந்து மாதம்கூட இல்லை. தகுதிச் சுற்றில் ஒன்பது கோல் அடித்தவர். நாடே வேண்டிக்கொண்டது. தொடக்கப் பட்டியலில் பெயர் இருந்தும், முழுமையாகத் தேறவில்லை என்று பயிற்றுநர் பெக்கர்மன் அவரை விட்டுவிட்டுப் போனார். அந்த முறை ஹாமெஸ் ரொட்ரிகஸ் ஆறு கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் விருதை வென்றார். கொலம்பியா முதன்முறையாகக் காலிறுதிக்குச் சென்றது. ஃபல்காவ் காத்திருந்தார். 2018 ஜூன் 24-ஆம் தேதி ரஷ்யாவின் கசான் நகரில், போலந்துக்கு எதிராகத் தம் முதல் உலகக் கிண்ண கோலை அடித்தபோது அவருக்கு வயது 32. அந்தப் பந்தைத் தந்தது ஹாமெஸின் கூட்டாளிகள் நிறைந்த, அவர் இல்லாமலும் ஆடப் பழகியிருந்த அதே அணிதான்.