வீட்டுக் காப்புறுதி: நகைக்கும் கட்டடத்திற்கும் உள்ள உச்சவரம்புகள்

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. அப்படியொரு நாளில் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வகை என்பதைத்தான்.

மலேசியாவில் வீடுகளுக்கு மூன்று வகைக் காப்புறுதிகள் வழக்கத்தில் உள்ளன. அடிப்படைத் தீ காப்புறுதி தீ, இடி மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே; வெள்ளம் அதில் இல்லை. 'ஹவுஸ்ஓனர்' கட்டடத்தைக் காக்கும், வெள்ளமும் அதில் சேரும். வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு 'ஹவுஸ்ஹோல்டர்' தனியாக எடுக்க வேண்டும். வங்கிக் கடனோடு எடுத்த காப்புறுதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

கட்டடத்திற்கான காப்புறுதித் தொகை வீட்டின் விற்பனை விலை அல்ல. நிலம் எரிந்து போகாது. இடிந்தால் மீண்டும் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. அதைக் குறைத்துப் போட்டால் 'ஆவரேஜ்' விதி குறுக்கே வரும். மீண்டும் கட்ட 300,000 ரிங்கிட் ஆகும் வீட்டுக்கு 200,000 ரிங்கிட்டுக்குத்தான் காப்புறுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமையலறை எரிந்து 60,000 ரிங்கிட் சேதம். தொகைக்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40,000 ரிங்கிட் மட்டுமே கிடைக்கும். பின்கட்டை நீட்டிக் கட்டிவிட்டுத் தொகையை உயர்த்த மறந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நம் குடும்பங்களுக்கு இன்னும் முக்கியமானது நகை. வழக்கமான ஹவுஸ்ஹோல்டர் பத்திரத்தில் தங்கம், வெள்ளி, நகைகள் எல்லாம் சேர்ந்து, பொருள்களுக்கான மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது. தனியொரு பொருளுக்கு 5 விழுக்காடுதான் வரம்பு; மேசை நாற்காலி, தொலைக்காட்சி, வீட்டு மின்சாதனங்கள் போன்றவற்றுக்கு இந்த 5 விழுக்காடு பொருந்தாது. 60,000 ரிங்கிட் காப்புறுதியில் நகைகளுக்கு மொத்தம் 20,000, ஒரு நகைக்கு 3,000. தாலிக்கொடி 15,000 ரிங்கிட் பெறுமானம் என்றாலும், தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்காவிட்டால் 3,000தான். திருட்டு என்றால், கதவையோ சன்னலையோ உடைத்து நுழைந்த தடயமும் வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிர்வாகம் எடுத்திருக்கும் காப்புறுதி கட்டடத்துக்கானது. உங்கள் பீரோவும் குளிர்பதனப் பெட்டியும் அதில் வராது.

ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது முகவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இன்றைய கட்டுமானச் செலவுக்குத் தொகை போதுமா? எந்தெந்த நகைகளைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்? நகைகளின் படத்தையும் ரசீதையும் கைப்பேசியில் எடுத்து, ஒரு நகலை மகன் அல்லது மகள் வீட்டிலும் கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தால் ரசீதும் சேர்ந்துதான் நனையும்.