குறைமாதக் குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை: ஏன் இவ்வளவு அவசரம்?

இன்குபேட்டரில் இருந்து தேறி, எடை கூடி, வீட்டுக்கு வரும் குழந்தை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு பரிசோதனை விட்டுப்போக வாய்ப்பிருக்கு. அது விழித்திரைப் பரிசோதனை.

கருவின் விழித்திரையில் ரத்தநாளங்கள் 16-வது வாரம் வாக்கில் நடுவிலிருந்து வளரத் தொடங்கும். ஓரத்தை எட்ட ஏறக்குறைய 40 வாரம் ஆகும். முன்பே பிறந்துவிட்டால் வளர்ச்சி பாதியில் தடைபடும். ரத்தம் எட்டாத ஓரப்பகுதி 'விஇஜிஎஃப்' என்ற புரதத்தைச் சுரக்க, புதிய நாளங்கள் தாறுமாறாக முளைத்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடலாம். இந்த நோய்க்குப் பெயர் ஆர்.ஓ.பி. பாடகர் ஸ்டீவி வொண்டருக்குப் பார்வை போனது இதனால்தான்.

லேசர் என்றதும் கெட்ட நாளங்களை எரிப்பாங்கன்னு நினைப்போம். இல்லை. அந்தப் புரதத்தைச் சுரக்கும் ஓரப்பகுதியைத்தான் சுடுகிறார்கள். ஓரப்பார்வை கொஞ்சம் குறையலாம். நடுப்பார்வையைக் காப்பாற்றுவதற்கான விலை அது. சிகிச்சை தேவைப்படும் கட்டம் வந்தால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். கண்ணுக்குள் ஊசி போடுவதும் உண்டு. ஆனால் நோய் திரும்ப வரலாம் என்பதால் பல மாதம் கண்காணிக்கணும். விழித்திரை பிரியத் தொடங்கினால் விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை. முழுதாகப் பிரிந்த 5-ம் கட்டத்தில், ஆபரேஷன் செய்தாலும் நல்ல பார்வை திரும்புவது அரிது. கண்மணி வெள்ளையாக இருப்பதைப் பெற்றோர் கவனிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

லேசர் இருக்கு, நிபுணர்களும் பெருநகரங்களில் இருக்காங்க. குழந்தைகளோ மாவட்ட மருத்துவமனைகளில். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் பெங்களூரு நாராயணா நேத்ராலயா 2008-ல் 'கிட்ராப்' திட்டத்தைத் தொடங்கியது. டாக்டர் ஆனந்த் வினேகர் தலைமையிலான இந்தத் திட்டத்தில், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவோடு கர்நாடக மாவட்டங்களின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கே போகிறார்கள். படங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எனத் தரம் பிரித்து அனுப்ப, பெங்களூருவில் இருக்கும் டாக்டர் அவற்றைப் பார்த்து முடிவு சொல்கிறார்.

யாருக்குப் பரிசோதனை? அமெரிக்காவில் 30 வாரம் அல்லது 1.5 கிலோ வரை. இந்தியாவில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் நோய் வருவதால், 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ 30 நாளுக்குள் பார்க்கணும். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 1.2 கிலோவுக்குக் குறைந்தாலோ 2-3 வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தத் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்க. முதல் தடவை நார்மல் என்று வந்தாலும், நாளங்கள் ஓரம் வரை வளர்ந்து முடிந்ததாக டாக்டர் சொல்லும் வரை அடுத்தடுத்த தேதிகளுக்கும் போகணும்.